உள்ளே என்ற திசை

டிசம்பர் வெள்ளத்தில் போன ஹசன் அலி, தை பிறந்த இரண்டாம் வாரம், தானும் தன் பெண்டாட்டியும் சேர்ந்து செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு நின்றான். பகல் பதினோரு மணி இருக்கும். மேலப்பாளையத்தில் அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது, தெருவில் மீன்காரர் சாளை சாளை என்று கூவிக்கொண்டு போனார். மாடி அறையில் மெஷினைத் தட்டிவிட்டு உட்கார்ந்த ஷம்ஸியா, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கல் மேல் தன் புருஷன் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்துப் பார்த்தாள். துணி நனைந்தது, ஆள் போகவில்லை.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஹசன் அலி சென்னையில் நல்ல கம்பெனியில் இருந்தவன். காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வந்து விழுகிற பிழைப்பு புளித்துப்போய், சொந்தமாக ஒன்று செய்கிறேன் என்று ஊருக்கே வந்துவிட்டான். ஊர் சிரித்தது. முப்பது வயதுக்காரன் விளையாட்டுச் சாமான் செய்கிறானாம் என்று டீக்கடையில் பேசினார்கள். ஷம்ஸியாவுக்கோ கை அப்படிப்பட்ட கை. தெருவில் கல்யாணம் என்றால் மருதாணி இட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை கெட்டித் தாளில் நீர்வண்ணத்தில் தாமிரபரணியை வரைந்தது. ஒருநாள் ஆற்றில் தண்ணீர் நின்றுபோகிறது. எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு ஒருவன் புன்னைக்காயல் கழிமுகத்திலிருந்து பொதிகை மலை வரை தன்னந்தனியாகப் போகிறான். கதை அவ்வளவுதான். தாவுவான், தொங்குவான், பாறையைப் பிடித்து ஏறுவான். விழுந்தால் சாவான். செத்தால், வழியில் கடைசியாக ஏற்றிய அரிக்கேன் விளக்கின் அடியில் மறுபடி எழுந்து நிற்பான். படம் வரைவது அவள் வேலை. அந்தப் படத்தில் அவன் கால் ஊன்றி நிற்கத் தரை போடுவது ஹசன் அலியின் வேலை. தரை போடாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் கால் வைத்தவன் கீழே போய்விடுவான்.

போகிறவனுக்கு அவள் நீலக்கட்டம் போட்ட சாரம் வரைந்தாள், தலையில் ஒரு துண்டு வரைந்தாள். முகத்தை மட்டும் வரையவில்லை. மாமியார் ஜுபைதா பீவி விடவில்லை. மரத்தை வரை, மலையை வரை, உயிருள்ளதை வரையாதே என்பது அந்த அம்மாளின் கட்சி. "மறுமையில அல்லா நீ வரஞ்சத உன் முன்னால நிறுத்தி, இதுக்கு ரூஹு குடு, உசுரு குடு பாப்பம்னு கேப்பான். என்னத்தச் சொல்லுவ?" என்றாள். ஹசன் அலி உம்மாவோடு ரெண்டு நாள் மல்லுக்கு நின்று பார்த்துவிட்டு, சரி, முகம் வேண்டாம் என்று இறங்கி வந்தான். கண்ணும் மூக்கும் இல்லாத அந்த வெற்று முகம் பார்க்கப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் சண்டை ஓய்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். உடம்பு முழுக்க வரைந்துவிட்டு முகத்தைக் காலியாக விட்டால் அதில் யாராவது குடிவருவார்கள் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

படம் முடிந்தது, தரை முடிந்தது, சத்தம் மட்டும் சரியாக வரவில்லை. எங்கிருந்தோ எடுத்துப் போட்ட தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஷம்ஸியா, "இது நம்ம ஆறு இல்ல மச்சான். வாளியில பைப்புத் தண்ணி விழுத மாதிரில்லா இருக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தூறலில் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு, சத்தம் பிடிக்கிற கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் போனான். தூறல் மழையானது, மழை, வயதானவர்களும் பார்த்திராத மழையானது. மறுநாள் ஆறு எது, வயல் எது, ரோடு எது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பைக் மட்டும் ஒரு வாழைத்தோட்டத்தில், சாய்ந்த வாழைகளுக்கு நடுவே கிடைத்தது. ஹசன் அலியின் நண்பனும் கூட்டாளியுமான பாளையங்கோட்டை கணேஷ்ராம் அந்தக் கரை முழுக்க அலைந்தான். சேற்றில் கை தெரிந்த இடத்திலெல்லாம் தோண்டச் சொன்னான். வேறு ஆட்கள் கிடைத்தார்கள். அவன் கிடைக்கவில்லை.

மையத்து, அதாவது உடல், இல்லாவிட்டால் அடக்கம் இல்லை. அடக்கம் இருக்கட்டும், ஷம்ஸியா இத்தா இருக்கலாமா கூடாதா என்பதே பேச்சாகிவிட்டது. புருஷன் மவுத்தானால் பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டாமல் இருக்கவேண்டும். மவுத்து உறுதியானால்தான் அது தொடங்கும். உறுதி என்று சொல்லப் பள்ளிவாசல் ஆலிம்சாவுக்கு மனம் வரவில்லை. அவர் பாவம், நல்ல மனுஷர். நகையைக் கழற்றவும் முடியாமல் போட்டிருக்கவும் கூசி, அவள் ஒரு கையில் மட்டும் வளையலோடு திரிந்தாள். ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் விலைவாசியைப் பேசிவிட்டுப் போனார்கள். ஜுபைதா பீவி யாரோடும் பேசவில்லை. வாசற்கதவைச் சாத்தவும் விடவில்லை.

அந்த நிலையில்தான் அவன் வந்து நின்றான். வெற்று முகம் இருந்த இடத்தில் அவன் முகம் இருந்தது, வலது புருவத்து வெட்டுக்காயம் உட்பட. ஒலிபெருக்கியில் தண்ணீர் இரைந்தது. அணைக்கட்டு மதகில் இறங்கிக் கல்லில் மோதி நுரைத்துத் திரும்புகிற அதே ஆறு, அச்சு அசல். யாரும் அதை விளையாட்டில் ஏற்றவில்லை. அந்த இரைச்சலுக்கு அடியில், கொஞ்சம் மூச்சு வாங்க, அவன் குரல் கேட்டது. "ஷம்ஸி, கேக்குதா? இது போதுமா?" திரும்பத் திரும்ப அதையே கேட்டது. அவள் மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள்.

அழுகைச் சத்தம் கேட்டு ஜுபைதா பீவி மாடி ஏறி வந்தாள். அந்த அறைக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. திரையைப் பார்த்தவள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஈரத்தோட நிக்கான். சளி பிடிக்கும். வீட்டுக்குக் கூட்டிட்டு வா" என்றாள்.

கூட்டிக்கொண்டு வருவது அத்தனை சுலபமாக இல்லை. வரைந்த இடத்தில்தான் அவனால் நடக்க முடியும். விளையாட்டின் பாதை ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஆற்றோடு மேலே போய் நேராக மலைக்குத் திரும்பிவிடும். மேலப்பாளையம் அதில் கிடையாது. ஷம்ஸியா புதிதாக வரைய உட்கார்ந்தாள். கருங்குளம், முறப்பநாடு, சீவலப்பேரி, கொக்கிரகுளத்துப் பாலம், அங்கிருந்து பாளையங்கால்வாய்க் கரையோடு தன் தெரு. கணேஷ்ராம் தினமும் வேலை முடிந்ததும் சிட்டி பஸ் பிடித்து வந்து தரை போட்டான். முதல் நாள் திரையைப் பார்த்ததும், "ஏலே ஹசனு, உன்னய எங்கெல்லாம்லே தேடினேன்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தவன், ஜுபைதா பீவி கொண்டுவந்து வைத்த சாயாவைக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

பித்தானை அழுத்தினால் அவன் நடந்தான். தாவு என்றால் தாவினான். ஆனால் உயிரோடு இருந்தபோதே அவன் தாவுகிற ஆள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு. முறப்பநாட்டுப் பாறைகளில் எத்தனை முறை விழுந்தான் என்பதை எண்ணவேண்டாம். ஒவ்வொரு முறை விழும்போதும் திரையின் அடி விளிம்பிலிருந்து செம்மண் தண்ணீர் குபுக்கென்று வழிந்து மேசையில் ஓடித் தரைக்கு வரும். அதில் வாழைச்சருகும் கிடக்கும். ஒருமுறை யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு வந்தது. அவன் அணைக்கட்டு விளக்கடியில் மறுபடி எழுந்து, இருமி, தண்ணீர் கக்கி, நிற்பான். ஜுபைதா பீவி பழைய கைலித் துணிகளைக் கிழித்து வைத்துக்கொண்டு தரையைத் துடைத்தாள். பிழிந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற அவளுக்கு மனமில்லை, முருங்கைக்கு ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பழந்துணி கொடுத்து உதவினார்கள். ஹசன் அலி வீட்டு மாடியில் வெள்ளம் வருகிறது, வயரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்பதற்கு மேல் யாரும் அதைப் பேசவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு எல்லார் வீட்டிலும் ஏதோ ஒன்று கசிந்துகொண்டுதான் இருந்தது.

அவனைச் சாகடித்துச் சாகடித்து நடத்துகிறோம் என்று ஷம்ஸியாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் விட்டுவிட்டால் அவன் அந்தக் கல்லிலேயே ஈரத்தோடு நிற்பான். வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இந்த ஒரே நினைப்பில் அவள் வண்ணம் குழைத்தாள். வெயிலை நிறையப் போட்டு வரைந்தாள், அவன் காயட்டும் என்று. காயவில்லை.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, ஹசன் அலி தன் தெருவுக்குள் நுழைந்தான். ஜுபைதா பீவி காலையிலேயே வீட்டைக் கழுவி, நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்கி, அவன் உடுத்தக் காய்ந்த சாரமொன்றை மடித்து வைத்திருந்தாள். ஷம்ஸியா இரண்டு கைக்கும் வளையல் போட்டிருந்தாள். அவன் கறிக்கடையைத் தாண்டினான், பீடிக்கடையைத் தாண்டினான், தன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவை அவள் திறந்த கதவாகத்தான் வரைந்திருந்தாள். உள்ளே கூடமும், கொடியில் துணியும், சோறு வைத்த பாயும் தெரிந்தன. அவள் பித்தானை அழுத்தினாள். அவன் வாசலைத் தாண்டி வலப்பக்கம் போனான். திருப்பினாள். வாசலைத் தாண்டி இடப்பக்கம் போனான். மேலே அழுத்தினாள், நின்ற இடத்தில் குதித்தான். மாமியாரும் மருமகளும் பைய ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கணேஷ்ராம் வெகுநேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "அவன் போட்ட கட்டுமானமே அப்படி, மதினி. இடப்பக்கம் உண்டு, வலப்பக்கம் உண்டு, மேல உண்டு, கீழ உண்டு. உள்ளன்னு ஒரு திசைய அவன் வைக்கவே இல்ல. படத்துல கதவு இருக்கும், போக முடியாது. அத மாத்தணும்னா மொத்தத்தையும் இடிச்சுக் கட்டணும். இடிச்சா அவன் இருப்பானான்னு எனக்குத் தெரியல."

அப்படி ஒருவன் தன் வீட்டு வாசலுக்கு வந்தும் உள்ளே வர வழியில்லாமல் நின்றான். ஷம்ஸியாவும் கணேஷ்ராமும் செய்தவர்களாயிற்றே, அவர்களுக்கு முன்னமே தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. வீடு என்றால் உள்ளே போகலாம் என்று யாருக்கும் தனியாகச் சொல்லித் தரவேண்டியதில்லையே. ஜுபைதா பீவி தெருவில் இறங்கி நிஜ வாசற்படியைப் பார்த்தாள். படியில் ஆள் நிற்கிற அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. துடைத்தாள். மறுபடி தேங்கிற்று. சோற்றை யாருக்கும் கொடுக்காமல் மூடி வைத்தாள்; மறுநாள் அது ஊசிப்போனது.

அவன் அங்கேயே நின்றான். ஆவணியும் போயிற்று. தெருக்காரர்கள் அந்த ஈரத்தில் கால் படாமல் ஒதுங்கி நடக்கப் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகள் பந்தை அந்தப் பக்கம் அடிக்காமல் விளையாடினார்கள். இதற்குள் அவன் முகம் ஊற ஆரம்பித்தது. முதலில் விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு உதடு தடித்தது, கண் சிறுத்தது, புருவத்து வெட்டுக்காயம் வீக்கத்தில் மறைந்தது. தண்ணீரில் கிடக்கிற உடம்புக்கு என்னென்ன ஆகுமோ அத்தனையும், நின்ற நிலையில், அவன் அம்மாவும் பெண்டாட்டியும் பார்க்க, ஒவ்வொன்றாக நடந்தது. குரல் மட்டும் கெடவில்லை. "இது போதுமா?" என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஷம்ஸியா சத்தத்தைக் குறைத்தாள். அடுக்களைக்குப் போனாலும் கேட்டது.

ஒருநாள் பகலில் ஜுபைதா பீவி துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு, கணேஷ்ராமின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏப்பா கணேஷு, உள்ள இல்லன்ன. கீழ உண்டுல்லா?"

"உண்டு உம்மா."

"கீழ போனா திரும்ப எந்திரிச்சிருதானே. அது எதால?"

"விளக்கால. விளக்க எல்லாம் எடுத்துட்டா எந்திரிக்க மாட்டான்."

"எடுத்துரு" என்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, "ஏளா, மையவாடிய வரை. எம் புள்ள இங்கன நின்னு அழுகுனது போதும். அங்க அவன் வாப்பா பக்கத்துல எடமிருக்குன்னு சொல்லுவாவ" என்றாள். சொல்லி முடித்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ஷம்ஸியா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடக்கம் செய்கிற மையவாடியை எப்படி வரைவது? பெண்கள் அதற்குள் போகிற வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. ஜுபைதா பீவிக்குத் தன் புருஷனின் கபர் எந்த மூலையில் இருக்கிறது என்பதே கேள்வி ஞானம்தான். பள்ளிவாசலில் குழி வெட்டுகிற பாவாவைக் கூப்பிட்டு விட்டார்கள். பாவா வாசல் ஈரத்தை ஒரு எட்டில் தாண்டி வந்து, தலையில் கட்டின துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். வடக்கால ஒரு வேம்பு. அதற்குக் கீழே பிள்ளைகளின் கபர்கள். மதிலோரம் தும்பைச் செடி. ஹசன் அலியின் வாப்பாவுக்குத் தலைமாட்டில் வைத்த மீசான் கல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. மண் மேலே செம்மண், முழங்கால் ஆழத்துக்குக் கீழே வெளுத்த ஓடைமண். வெட்டச் சுகமாக இருக்கும். கேட்டுக் கேட்டு ஷம்ஸியா வரைந்தாள். அவர் பார்த்துவிட்டு, "வேம்பு இன்னுங் கொஞ்சம் சாயணும், தாயி" என்று மட்டும் திருத்தினார். தெருவின் வலப்பக்கக் கடைசியில் அந்தப் படத்தைச் சேர்த்தார்கள். சரிந்த கல்லின் பக்கத்தில் ஓர் ஆள் நீளத்துக்குத் தரை போடாமல் விட்டார்கள். கணேஷ்ராம் விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தான். அணைக்கட்டு விளக்கை எடுக்கும்போது, "மன்னிச்சிருலே" என்றான்.

சாயங்காலம், அசர் தொழுகை முடிந்த நேரம். ஷம்ஸியா அவனை வாசலிலிருந்து நகர்த்தினாள். அவன் முகம் இப்போது அவளுக்கே அடையாளம் தெரியாததாகியிருந்தது. வேம்பு வரை கொண்டுபோனாள். அதற்கு மேல் அவள் விரல் அசைய மறுத்துவிட்டது. "என்னால முடியாது மாமி. நாந்தான ஆத்துக்கு அனுப்புனேன், நானே மண்ணுக்கும் அனுப்பணுமா" என்று கதறினாள். ஜுபைதா பீவி அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மேசை முன்னால் உட்கார்ந்தாள். எந்தப் பித்தான் என்று கேட்டாள். கணேஷ்ராம் காட்டினான். பிஸ்மி சொல்லி, மகனை இடுப்பில் தூக்கி வைத்திருந்த அந்தக் கையின் ஒற்றை விரலால், அதை அழுத்தினாள். அவன் நாலு எட்டு நடந்தான், குழியின் ஓரத்தில் கால் வைத்தான், இறங்கினான். தண்ணீர் வழியவில்லை. ஒலிபெருக்கியில் ஆறு மட்டும் இரைந்தது. "இது போதுமா?" என்று கடைசியாக ஒருதடவை கேட்டது. ஷம்ஸியா திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "போதும் மச்சான். நல்லாருக்கு. போதும்" என்றாள். அதன்பிறகு குரல் வரவில்லை. கீழே போய்ப் பார்த்தார்கள். வாசற்படி காய்ந்திருந்தது.

மறுநாள் காலை மையவாடியில், ஹசன் அலியின் வாப்பா பக்கத்தில், ஈரம் காயாத புதுக் கபர் ஒன்று இருந்தது. மேலே வெளுத்த ஓடைமண். நான் வெட்டவில்லை என்றார் பாவா. வெட்டினவன் ஒழுங்காகத்தான் வெட்டியிருக்கிறான் என்றும் சொன்னார். ஜமாஅத்தார் கொஞ்ச நேரம் கூடிப் பேசினார்கள். இறுதித் தொழுகை நடக்காமல் அடங்கியவனுக்குக் கபரில் நின்று தொழலாம் என்றார் ஆலிம்சா. தொழுதார்கள். சரிந்திருந்த பழைய மீசான் கல்லையும் கையோடு நிமிர்த்தி வைத்துவிட்டு, கடைக்குப் போய்ச் சாயா குடித்தார்கள். ஷம்ஸியா அன்றைக்கே வளையல்களைக் கழற்றி வைத்து இத்தாவில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் இப்போது என்ன சொல்வது என்று தெரிந்துகொண்டு வந்தார்கள்.

இத்தா முடிந்ததும் கணேஷ்ராம் விளையாட்டை வெளியிடுவதா அழித்துவிடுவதா என்று கேட்டு வந்தான். மூவரும் மாடியில் உட்கார்ந்து அதைத் திறந்தார்கள். அணைக்கட்டின் கல் மேல் நீலக்கட்டச் சாரத்தோடு அவன் நின்றான். முகம் பழையபடி வெறுமையாக இருந்தது. தண்ணீர்ச் சத்தம் நம்ம ஆற்றுச் சத்தமாகவே இருந்தது. ஜுபைதா பீவி அந்த வெறுமையை ரொம்ப நேரம் பார்த்தாள். வெள்ளத்தில் போய்க் கிடைக்காதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் உண்டு. முறப்பநாட்டில் வந்த ஒற்றைச் செருப்பை அவள் கழுவி, ஜன்னலில்தான் வைத்திருந்தாள்.

"ஏளா ஷம்ஸி, மூஞ்சிய வரஞ்சிரு" என்றாள். "காலியா விட்டா இன்னொருத்தி புள்ள வந்து நிக்கும். மறுமையில கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

ஷம்ஸியா இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் வாயும் வரைந்தாள், யார் சாயலும் வந்துவிடாதபடி கவனமாக.